அரை விலைக்குப் போட்ட போர்

அந்த வருஷம் மழை கணக்கில்லாமல் பெய்தது. ஐப்பசி முழுக்க வானம் வெளுக்கவே இல்லை. வாய்க்கால் தண்ணீர் ஏறாத எங்கள் மேட்டுக் காட்டில்கூட வரப்போரம் கசிவு கண்டது. கிணறுகள் எல்லாம் நிறைந்து நின்றன. திருச்செங்கோட்டுக்கு பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், பூமியைத் துளைத்துப் போர் போடுகிற ரிக் வண்டிகள் ரோட்டோரம் வரிசையாக நின்றன. டயரைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. ஊர் காய்ந்து கிடந்தால்தான் அந்த வண்டிகளுக்கு வேலை. ஊர் குளிர்ந்த வருஷம் அவற்றுக்குப் பஞ்சம்.

நிற்கிற வண்டியும் செலவு வைக்கும் அல்லவா. அதனால்தான் நோட்டீஸ் வந்தது. காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனால் ஆளுக்கொரு ரோஸ் காகிதம் கொடுத்தார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் அடுத்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. பால் போசியைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே முழுசும் படித்தேன். முதல் முந்நூறு அடி பாதி விலை. மேல்மண் சரியாமல் குழிக்குள் இறக்குகிற கேசிங் பைப் இருபது அடி இலவசம். பூஜைச் செலவு கம்பெனியுடையது. இந்த வாரம் மட்டும்.

மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அங்கேயே கிழித்துப் போட்டிருக்க வேண்டும்.

எங்கள் கிணற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பங்குக் கிணறு. பாதி எனக்கு, பாதி என் கொழுந்தனார் வீட்டுக்கு. கொழுந்தனாரும் போய்விட்டார், என் வீட்டுக்காரரும் போய்விட்டார். இப்போது கிணற்றுக்கு நானும் என் ஓரகத்தியும்தான். மூன்று நாள் அவள் முறை, மூன்று நாள் என் முறை, ஒரு நாள் ஊற விட்டுவிடுவோம். எனக்கு மாசம் பிறந்தால் மகன் பணம் அனுப்புகிறான். தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடுப்பு எரியும். அவளுக்கு அப்படி இல்லை. ஒன்றரை ஏக்கர் மஞ்சள், இரண்டு மாடு, அந்தப் பாதிக் கிணறு, அவ்வளவுதான் அவள் பிழைப்பு. மஞ்சள் தை, மாசி வரைக்கும் தண்ணீர் கேட்கிற பயிர். நடுவில் வாட விட்டால் கிழங்கு சூம்பிப் போகும்.

போன கோடையில் ஒரு நாள் அவள் முறையில் நான் அரை மணி நேரம் மோட்டார் போட்டுவிட்டேன். வேண்டுமென்று செய்ததில்லை, பொழுது தவறிவிட்டது. களை எடுக்க வந்த பொம்பளைகள் எல்லோருக்கும் முன்னால் அவள் கேட்டாள்: "முறைன்னா முறைதானுங்கக்கா. மூத்தவங்களுக்கு ஒரு கடியாரம், எளையவங்களுக்கு ஒரு கடியாரமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு காதைவிட்டுப் போகவில்லை. எனக்கென்று தனியாக ஒரு தண்ணீர் வேண்டும், யாருடைய முறையையும் பார்த்து நிற்கக் கூடாது என்று அன்றைக்கே மனசில் விழுந்துவிட்டது.

நோட்டீஸ் வந்த மறுநாளே கம்பெனி ஆள் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். சலவைச் சட்டை, கையில் இரண்டு போன்.

"கும்புடறனுங்கம்மா. போரு விசயமா வந்தனுங்க."

"கெணறு நெறைஞ்சு கெடக்குது. எனக்கெதுக்கு அப்புனு போரு?"

"அதுக்குத்தானுங்க இப்ப வந்தது. சித்திரையில கூப்புட்டீங்கன்னா நாங்க கெடைக்க மாட்டமுங்க. வெலையும் ரெட்டிப்பா நிக்கும். இப்பப் போட்டு மூடி வெச்சிருங்க. கோடையில ஊரே உங்க காட்டப் பாத்து நிக்கோணும்."

"தண்ணி இருக்கற மாசத்துல தோண்டுனா பூமி பொய் சொல்லும். எங்க மாமனாரு இந்தக் கெணத்தச் சித்திரை வெயில்லதான் வெட்டுனாரு."

"அது கெணத்துக்குங்கம்மா. இது முந்நூறு நானூறு அடிக்குக் கீழ. அங்க ஏதுங்க சித்திரையும் கார்த்திகையும்?" என்று சிரித்தான். "இந்தூருல யாரக் கேட்டாலும் மொதல்ல உங்க ஊட்டத்தான் கையக் காட்டறாங்க. நீங்க போட்டா பத்துப் பேரு போடுவாங்க."

"பத்துப் பேருக்கு நான் என்ன புரோக்கரா?"

"ஐயோ, மகாராணிங்கம்மா நீங்க."

இந்த வயசில் மகாராணி என்ற வார்த்தைக்கு நான் மயங்கினேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மயங்கினேன். அவன் நீட்டின காகிதத்தில் பெரிய எழுத்தை மட்டும் படித்தேன். கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில் நாலு வரி இருந்தது. அதைக் கூட்டிப் படிக்க நேரமாகும், அவன் பார்த்துக்கொண்டு நிற்பான் என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கே நீரோட்டம் பார்த்து இடமும் குறித்தான். உள்ளங்கையில் உரித்த தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு என் பங்குக் காட்டில் நடந்தான். கிணற்றிலிருந்து இருபது எட்டு இருக்கும், மோட்டார் ரூமுக்குப் பக்கம், தேங்காய் நெட்டாக எழுந்து நின்றது. நிறைந்த கிணற்றுக்குப் பக்கத்தில் எழாமல் வேறு எங்கே எழும் என்று என் புத்திக்குப் பட்டது. கரண்டு இழுக்கிற செலவும் இல்லை என்று அவன் சொன்னான். நான் தலையை ஆட்டினேன்.

ஓரகத்தியிடம் சொல்லவில்லை. அயோத்தியாப்பட்டணத்தில் அவளுடைய அண்ணன் வீட்டில் ஒரு சீர் விசேஷம். புதன்கிழமை விடிகாலை பஸ்ஸுக்குப் போய், மத்தியானம் தாண்டித்தான் வருவாள். அந்தப் புதன்கிழமையே ரிக் வரட்டும் என்று கம்பெனி ஆளிடம் சொல்லிவிட்டேன். அவள் வந்து பார்க்கும்போது என் காட்டில் தண்ணீர் பீறிட்டு நிற்க வேண்டும். அதுதான் என் ஆசை.

புதன்கிழமை விடிந்ததும் இரண்டு வண்டிகள் வந்தன. ஒன்றில் ரிக், இன்னொன்றில் குழிக்குள் காற்று அடிக்கிற கம்ப்ரசர். கம்பெனிக்காரன் சொன்னபடியே பூசணிக்காய், தேங்காய், கற்பூரம் எல்லாம் அவனே கொண்டுவந்திருந்தான். ஒரு பெரிய ரோஜா மாலையும் வைத்திருந்தான். யாருக்கென்று கேட்டதற்கு, "தண்ணி வந்ததும் தெரியுமுங்க" என்றான். வேடிக்கை பார்க்க ஊர்ச்சனம் பாதி வந்துவிட்டது.

வண்டியில் வந்த டிரில்லர் நரைத்த ஆள், அதிகம் பேசமாட்டார். முதல் ராடு இறங்கியதும் வெளியே வந்த மண்ணைக் கையில் அள்ளிக் கசக்கிப் பார்த்தார்.

"மேமண்ணு பொதபொதன்னு இருக்குதுங்கம்மா. நாப்பது அடிக்காச்சும் பைப்பு எறக்கோணும்."

கம்பெனிக்காரன் உடனே வந்தான். "ஆபர்ல இருபதுதானுங்க இலவசம். மிச்சம் இருபதுக்கு முழு வெலை ஆகும். இந்தப் பக்கமெல்லாம் இருபது தாராளமுங்கம்மா."

டிரில்லர் என்னைப் பார்த்தார். ஊரே என்னைப் பார்த்தது. கொஞ்சம் பொறுங்கள், யோசித்துச் சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"இருபதே போதும்" என்றேன்.

டிரில்லர் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்.

அதற்குப் பிறகு சத்தம். பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது காதில் விழாது. ஒரு ராடு இருபது அடி. நான் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து ராடு, நூறு அடி. வெள்ளைக் கல்மாவு புகையாக எழும்பி எல்லோர் தலையிலும் படிந்தது. பத்து ராடு, புகைதான். பதினைந்தாவது ராடும் இறங்கி முந்நூறு அடி முடிந்தது. ஈரம் என்பதே இல்லை. வேடிக்கை பார்த்தவர்களில் சிலர் கிளம்பிவிட்டார்கள்.

டிரில்லர் கையைக் காட்டி மெஷினை நிறுத்தினார். அந்த அமைதியில் கம்பெனிக்காரன் குரல் பெரிதாகக் கேட்டது.

"நிறுத்தாதீங்கம்மா. அடுத்த நூறடிக்கும் பாதி வெலை போட்டுத் தாரேன். ஆபீசுல பேசிட்டேன். உங்களுக்கு மட்டும்."

"ஈரமே இல்லியே அப்புனு."

"இந்நேரத்துல நிறுத்துனா ஊரு என்ன சொல்லும்? பாதியில பயந்துட்டாங்கன்னு சொல்லுமுங்க."

எந்த நரம்பைத் தொட்டால் நான் ஆடுவேன் என்று மூன்றே நாளில் அவன் தெரிந்துகொண்டான். போடச் சொன்னேன்.

பதினாறு. பதினேழு. பதினெட்டு. பத்தொன்பதாவது ராடில் புகை கறுத்தது. பிறகு சேறாகத் தெறித்தது. இருபதாவது ராடு பாதி இறங்கும்போது குழியிலிருந்து தண்ணீர் ஒரு ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. கிளம்பினவர்கள் எல்லாம் திரும்பி ஓடிவந்தார்கள். விசில் அடித்தார்கள். கம்பெனிக்காரன் அந்த ரோஜா மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டுவிட்டு, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"சொல்லுங்கம்மா. கம்பெனி பேரச் சொல்லி, நாலு இஞ்சுத் தண்ணின்னு சொல்லுங்க. நாங்க அரை வெலைக்குப் போட்டுத் தந்தோம்னு சொல்லுங்க."

நான் சிரித்தேன். சொல்ல வாயைத் திறந்தேன்.

"அக்கா! அக்கா! கெணறு கொதிக்குதுக்கா!"

என் ஓரகத்தியின் குரல். பஸ்ஸை விட்டு இறங்கி, சீருக்குக் கட்டின பட்டுச் சேலையோடு குறுக்கு வழியில் வந்தவள், கிணற்றோரம் வந்ததும் அங்கேயே நின்றுவிட்டிருக்கிறாள். மாலையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் ஓடினேன்.

கிணறு கொதிக்கத்தான் செய்தது. அடியிலிருந்து பெரிய பெரிய குமிழிகள் எழும்பி மேலே வந்து உடைந்தன. காலையில் கண்ணாடியாக இருந்த தண்ணீர், கல்மாவு கரைந்து சாம்பல் நிறமாகியிருந்தது. எங்கள் கிணற்றுக்குக் கல்படி உண்டு. தண்ணீருக்கு மேலே ஒரு படி நனைந்து பளபளத்துக்கொண்டிருந்தது. காலையில் அந்தப் படி தண்ணீருக்குள் இருந்தது.

ரிக் அனுப்புகிற காற்று பூமிக்குள் நுழைந்து இங்கே குமிழியாக வருகிறது. இங்கேயிருந்து போகிற தண்ணீர் அங்கே பீறிடுகிறது. ஊர் விசில் அடித்தது எங்கள் கிணற்றுத் தண்ணீருக்குத்தான்.

டிரில்லர் வந்தார். ஒரு பார்வைதான் பார்த்தார். திரும்பிக் கையை உயர்த்தி வெட்டுகிற மாதிரி காட்டினார். மெஷின் நின்றது.

"யாரக் கேட்டுய்யா நிறுத்தறே?" என்று கம்பெனிக்காரன் கத்தினான்.

"காத்து அழுத்தத்துல வெடிப்புத் தொறந்து கெணத்து ஊத்து போருக்குள்ள எறங்குது. பைப்பு இருபதடியில நின்னுபோச்சு. அதுக்குக் கீழ பூரா ஓட்டை. இனி மெஷினு ஓடலீன்னாலும் எறங்கிட்டுத்தான் இருக்கும்."

"எவ்வளவு எறங்குமுங்க?" என்று ஓரகத்தி கேட்டாள். அவள் குரல் அடங்கிப்போயிருந்தது.

"அடியில பாறை எங்கெங்க வெடிச்சிருக்குதோ அங்கெல்லாம் போகுமுங்க. சமயத்துல கெணறே காஞ்சிரும்."

கம்பெனிக்காரன் என்னைத் தனியாகக் கொஞ்ச தூரம் கூட்டிப்போனான். தணிந்த குரலில் சொன்னான்.

"பயப்படாதீங்கம்மா. எங்கிருந்து வந்தா என்னுங்க, தண்ணி தண்ணிதான? உங்க பூமியில, உங்க போருக்குள்ள வருது. மோட்டாரு எறக்கிட்டீங்கன்னா முறையும் கெடையாது, பங்கும் கெடையாது. மோட்டாருலயும் கம்பெனி தள்ளுபடி வாங்கித் தாரேன். அந்த ஒரு வார்த்தை மட்டும் போன்ல சொல்லிருங்க. போதும்."

இனி சொல்லப்போவது இதுவரை ஒருத்தருக்கும் சொல்லாதது. அந்தப் பேச்சைக் கேட்டு உடனே நான் அவனைத் திட்டவில்லை. நின்றேன். ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ, என் மனசு கணக்குப் போட்டது. அவன் சொல்வது நிஜம்தான். இந்தக் குழியை இப்படியே விட்டால் கிணற்றின் மொத்தத் தண்ணீரும் எனக்கு. அவள் இனிமேல் என்னிடம் வந்துதான் கேட்க வேண்டும். கடிகாரத்தைப் பற்றி அவள் பேச முடியாது. இதெல்லாம் என் மனசில் ஓடியது. ஓடவில்லை என்று சொன்னால் பொய்.

திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிணற்றுக்குள் இறங்கி, தண்ணீருக்கு மேலே நனைந்திருந்த அந்தப் படியில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். என்னைக் கேட்கவும் இல்லை, வையவும் இல்லை. அவள் வைதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மூடிருங்க" என்றேன்.

"எதைங்கம்மா?"

"போரத்தான். மூடுங்க."

கம்பெனிக்காரன் முகம் மாறிவிட்டது. மூடுகிறது அவர்கள் வேலை இல்லை என்றான். தண்ணீர் வந்துவிட்டது, அதோடு அவர்கள் பொறுப்புத் தீர்ந்தது, நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருக்கிறது என்றான். எறும்பு எழுத்தில் இருந்தது அதுதான் போலும். நான் அவனோடு பேச்சை வளர்க்கவில்லை. பேசின பணத்தை எடுத்துவந்து கொடுத்தேன், மாலையையும் கழற்றிக் கொடுத்தேன். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

டிரில்லர் போகவில்லை. ராடுகளைக் கழற்றி வண்டியில் அடுக்கிவிட்டு வந்து நின்றார்.

"ஒரு டிராக்டர் லோடு வேணுமுங்கம்மா. அடியில பொடி ஜல்லி. மேல ஏரிக் களிமண்ணு. கொஞ்சம் கொஞ்சமாப் போடோணும். ஒட்டுக்காக் கொட்டுனா பாதியில அடைச்சுக்கும், கீழ காலியா நிக்கும்."

டிராக்டர் வர ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் இன்னும் ஒரு படி வெளியே வந்துவிட்டது. விசில் அடித்த ஊர்ச்சனம் கலைந்துவிட்டது. நின்றவர்கள் நாலைந்து பேர்தான். டிரில்லர் குழி வாயில் உட்கார்ந்து ஜல்லியைக் கையால் அள்ளி அள்ளி விட்டார். கல் கீழே போகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. நான் களிமண்ணைக் கூடையில் வாரி, முட்டை அளவு உருட்டி உருட்டிக் கொடுத்தேன். முட்டி நோவு எனக்கு. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

கிணற்றுக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"எறங்குதுங்க."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி: "இன்னும் எறங்குதுங்க."

அவள் ஒவ்வொரு படியாகத் தண்ணீரோடு கீழே போய்க்கொண்டிருந்தாள். மூன்றாவது படி. நாலாவது படி. ஒவ்வொரு தடவையும் குரல் இன்னும் ஆழத்திலிருந்து வந்தது. ஜல்லி முடிந்து களிமண் போட ஆரம்பித்தோம். டிரில்லர் கயிற்றில் இரும்புக் கட்டையைக் கட்டி உள்ளே விட்டு இடித்தார். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கினாலும் அவர் துடைக்கவில்லை.

"என்ன புள்ள, சத்தத்தக் காணோம்?" என்று கேட்டேன். அன்றைக்கு நான் அவளிடம் பேசின முதல் பேச்சு அதுதான்.

என் கை களிமண்ணில் அப்படியே நின்றது.

"பாத்துட்டு இருக்கறனுங்க" என்றாள் அப்புறம். "இருங்க. பேசாதீங்க."

டிரில்லரும் கயிற்றைப் பிடித்தபடி நின்றுவிட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஆகாயத்தில் கொக்குகள் கூட்டமாகப் போயின. அவை கண்ணுக்கு மறைந்த பிறகும் அவள் பேசவில்லை.

"நின்னாப்புல இருக்குதுங்கக்கா."

"நல்லாப் பாரு."

"ஒரு வெரல் வெச்சுட்டுத்தான் இருக்கறனுங்க. வெரல விட்டு எறங்குல."

டிரில்லர் மூச்சை விட்டார். மீதிக் களிமண்ணையும் போட்டு, மேல்வாய்வரைக்கும் இடித்து இறுக்கினார். கூலி கொடுத்தபோது வாங்கமாட்டேன் என்றார். "நாப்பதடின்னு இன்னொருக்காச் சொல்லியிருக்கோணும். சொல்லுல" என்றார். நான் வற்புறுத்திக் கொடுத்தேன். அந்தத் தப்பு அவருடையது இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் அவள் மேலே ஏறிவந்தாள். சீருக்குக் கட்டின பட்டு முழுக்கச் சாம்பல் சேறு. ஐந்து படி போய்விட்டது என்றாள். மஞ்சள் எடுக்கிறவரைக்கும் என் முறையையும் அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றேன்.

"எதுக்கு? பாவம்னு தர்மம் பண்றீங்களா?"

"தர்மம் இல்ல. நான் எறக்கிவிட்ட தண்ணி அது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் தலையில் கல்மாவு, கழுத்தில் ரோஜா இதழ் ஒன்றிரண்டு ஒட்டியிருந்தது.

"இன்னொருக்கா அரை வெலைக்குன்னு எவனாச்சும் வந்தான்னா என்னையும் ஒரு வார்த்தை கூப்புடுங்கக்கா. ரெண்டு பேரும் ஒட்டுக்கா ஏமாறலாம்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் இரண்டு பேரும் கிணற்றுக்குப் போனோம். தண்ணீர் விட்ட இடத்திலேயே நின்றது. அது என் முறை நாள். அவள்தான் மோட்டார் போட்டாள். சாம்பல் தண்ணீர் வாய்க்காலில் போய் மஞ்சள் பாத்திக்குள் பாய்ந்தது. இலையிலெல்லாம் வெள்ளையாகத் தெறித்தது. பயிருக்கு ஆகுமா ஆகாதா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. போதும் நிறுத்து என்று நானும் சொல்லவில்லை, அவளும் நிறுத்தவில்லை.

அன்றைக்கு மத்தியானமே அந்த வீடியோ போனில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நான் பேசவில்லை. ஆனால் தண்ணீர் பீறிடுகிறது, நான் மாலையோடு சிரிக்கிறேன், பின்னால் விசில் சத்தம். ஓமலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் யார் யாரையோ பிடித்து நம்பர் வாங்கிக் கூப்பிட்டார். ஜேடர்பாளையத்திலிருந்து இரண்டு பேர் நேரிலேயே வந்தார்கள். கம்பெனி நல்லதா, இந்த வாரமே போட்டுவிடலாமா என்று கேட்டார்கள். வந்தவர்களைக் களிமண் அடைத்த குழிக்கும், அங்கிருந்து கிணற்றுக்கும் கூட்டிப்போய்க் காட்டினேன். நடந்தது அத்தனையும் சொன்னேன். இருபதே போதும் என்று சொன்னது என் வாய்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். முதல் தடவை சொல்லும்போது நாக்கு எழவில்லை. அடுத்தடுத்த தடவை கொஞ்சம் பழகியது.

மூன்றாம் நாள் காலையில் அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீர். நீட்டினாள். வாங்கிப் பார்த்தேன். சொம்பின் அடி தெரிந்தது. தண்ணீர் தெளிந்திருந்தது.